புஷ்ராடு வண்டியும் மாப்பிள்ளையும்

தென்னூரில் நானும் என் தங்கை கணவரும் சேர்ந்து பைக் பட்டறை வைத்திருந்தோம். எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பழைய பாணி எஞ்சினில், வால்வைத் திறக்கவைக்கிற கேம் என்ற சுழலும் உறுப்பு கீழே இருக்கும். புஷ்ராடு என்கிற நீளமான கம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்கும். புழுதித் தடத்தில் வளைவைவிட்டு வெளியே வரும்போது அந்த இழுவை வேறெதிலும் வராது என்பது மாப்பிள்ளையின் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. நான் ஓவர்ஹெட் கேம் பக்கம். கேம் வால்வுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் நடுவில் ஆடுகிற உறுப்பு குறைவு. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும்.

மருங்காபுரிக்கு அப்பால் ஒரு தரிசில் பந்தயம் வைத்தார்கள். ஆளுக்கொரு வண்டி தயார் செய்தோம். என்னுடையதைப் பட்டறைப் பையன் ஓட்டினான். மாப்பிள்ளையுடையதை ஓட்ட ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மற்ற நாட்களில் சாப்பாடு டெலிவரி செய்பவர், கல்யாணமானவர். நேர்ப்பாதையில் ரொம்ப முறுக்கினால் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து இடித்துவிடும், அங்கே அடக்கி ஓட்டச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். தலையாட்டினார். பிறகு அந்த மனிதரிடம் போய், கையை எடுக்காமல் முறுக்கச் சொன்னார். நான் குறுக்கே பேசுவதற்குள் கொடி அசைந்துவிட்டது.

வளைவுக்கு வளைவு மாப்பிள்ளை வண்டிதான் முந்தியது. நேர்ப்பாதையில் என் வண்டி எட்டிப் பிடித்தது. அந்த மனிதர் இன்னும் முறுக்கினார். எஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, ஆள் தூக்கி எறியப்பட்டார்.

நான் அவரிடம் ஓடினேன். தோள் எலும்பு சட்டைக்குள் புடைத்து நின்றது. மாப்பிள்ளை ஓடியது வண்டியிடம். பந்தயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த செல்போனை யாரிடமோ கொடுத்து, தொடர்ந்து பிடிக்கச் சொல்லிவிட்டு, கொதிக்கிற எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா, ராடு வளைஞ்சிருக்கு. வால்வு ஸ்பிரிங் மட்டும் கெட்டியா போட்டிருந்தா நம்ம வண்டிதாங்க."

சுற்றி நின்றவர்கள் ஓவர்ஹெட் கேம் ஜெயித்துவிட்டது என்று எனக்குக் கை கொடுத்தார்கள். காலடியில் ஒருவர் மண்ணில் முகம் புதைத்து முனகிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் ஏற்பாடே இல்லை. வண்டி ஏற்றிவந்த லோடு வேனில் அவரைப் படுக்கவைத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தார். தோள் பிறகு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கையை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளை அந்த வீடியோவை வெளியிட்டார். எந்த எஞ்சின் சிறந்தது என்று தலைப்பு. ஆள் விழுகிற இடம் மட்டும் மெதுவாக, திரும்பத் திரும்ப. விழுந்தவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்து அழுதார். மாப்பிள்ளையிடம் அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"அதைப் பாக்கத்தான் மச்சான் ஜனங்க வர்றாங்க," என்றார் மாப்பிள்ளை.

அதோடு பட்டறையைப் பிரித்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் தனிக்கடை போட்டேன். தங்கைக்காகத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே, புது ஸ்பிரிங் வந்துவிட்டது, ஓட்டவும் வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னார். தங்கை பாயசம் ஊற்ற வந்தாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.