சைலன்சரைக் கழற்ற மாட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்சரை மாற்றினால் கார் பறக்காது. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கூடி நின்று கதைக்கிற ஆம்பிளைகள் என்ன சொன்னாலும் பறக்காது. நான் மாற்றியவள். என் காலால் மிதித்து ஓட்டிப் பார்த்தவள். எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் மாற்றிய சைலன்சரை நான் கழற்றவும் இல்லை. அதற்காக வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கிடைக்கவிருந்த சுவிஸ் குடியுரிமை இந்தச் சத்தத்தாலேயே போய்விடும் என்று என் கணவர் தலையில் கையை வைத்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே, மேட்டில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு வேலை கீழே நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில். முதல் பஸ் வருவதற்கு முன்பே என் வேலை தொடங்கிவிடும். ஆகவே எனக்குக் கார் வேண்டும். என் சம்பளத்தில் நான் வாங்கிய சின்னக் கார், பழசு. கணவர் உணவகமொன்றில் சமையல் வேலை. அவருக்கு மத்தியானத்தில்தான் தொடக்கம் என்பதால் பஸ் போதும். கார் ஓட்டவும் அவருக்குப் பிடிக்காது.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் காருக்கு மேடு ஏறுவது பெரும்பாடாகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. ஒரு நாள் மின்சாரச் சைக்கிளில் வந்த கிழவி ஒருத்தி என்னை முந்திக்கொண்டு போனாள். போனதுமில்லாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் காரையே விற்றிருப்பேன், வாங்க ஆள்தான் இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்தபின் கணவரின் சித்தப்பா மகனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கார்ப் பைத்தியம். உடனே நாலைந்து பேரைக் கூப்பிட்டு என் காரைச் சுற்றி நிற்க வைத்துவிட்டான்.

"அண்ணி, உது கட்டலிசாட்டர் அடைச்சுக்கொண்டு நிக்குது. அதைக் கழட்டி உள்ளுக்கை இருக்கிறதைக் குடைஞ்சு எறியுங்கோ. பின்னாலை பெரிய ஸ்போட்ஸ் சைலன்சர் ஒண்டைப் பூட்டுங்கோ. இருபது குதிரைவலு கூடும்."

"இருபதோ?"

"குறைஞ்சது."

"உன்ரை காருக்கும் அப்பிடியோ செய்தனி?"

"பின்னை என்ன. ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோ, சீற்றோடை ஒட்டுவியள்."

புழுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆனாலும் அடைத்திருக்கிறது என்று அவன் சொன்னது என் மனதில் நின்றது. கட்டலிசாட்டர் என்பது என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கிற ஒரு இரும்புப் பேணி. உள்ளே தேன்வதை மாதிரி நுண்ணிய ஓட்டைகள். நச்சுப்புகை அதற்குள்ளால் போய்ச் சுத்தமாகி வெளியே வரும். அதை உடைத்தெறி என்று கோயில் வாசலில் நின்று சொல்கிறான், அதுவும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த கையோடு.

மறுநாள் ஊர்க் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் அந்தப் பேணியைக் கழற்றிக் குலுக்கிக் காட்டினார். பால்மாப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் கலகலத்தது. என்ஜினில் தீப்பொறி கொடுக்கிற பாகமொன்று பழுதாகி, எரியாத பெற்றோல் பின்னால் போய், உள்ளே இருந்த தேன்வதையை உருக்கி அடைத்துவிட்டதாம். மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டு மேடு ஏறச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள்?

"குடைந்து எறிந்தால் பலம் கூடும் என்கிறார்களே?" என்று கேட்டேன்.

"நாறும். எச்சரிக்கை விளக்கு எரியும். பொலிஸ் பிடித்தால் நடந்து வீட்டுக்குப் போகலாம்" என்றார். "பழுதானதை எடுத்துவிட்டு நல்லதொன்று போட்டால் போதும். இழந்த பலம் திரும்பி வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது."

பழுதான பாகத்தையும் மாற்றி, புதுக் கட்டலிசாட்டர் போடச் சொன்னேன். பின் சைலன்சரும் துருப்பிடித்து ஓட்டை. பழைய மாதிரியே வேண்டுமென்றால் சில வாரம் காத்திருக்கவேண்டும். ஆனால் என் காருக்குப் பொருந்துகிற ஸ்போட்ஸ் சைலன்சர் ஒன்று அவரிடம் தட்டில் கிடந்தது. யாரோ ஒரு பொடியன் சொல்லி எடுப்பித்துவிட்டு வராமல் போய்விட்டானாம். சட்டப்படி அனுமதி உள்ளது, பத்திரமும் இருக்கிறது என்றார்.

"இது போட்டால் பலம் கூடுமா?"

"உங்கள் காதுக்குக் கூடும்" என்று சிரித்தார். நேர்மையான மனிதர். பூட்டுங்கள் என்றேன்.

அன்று பின்னேரம் சாவியைத் திருப்பியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! உறுமல் என்று சொல்ல மாட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கதைக்கத் தொடங்குகிற பெரிய மனிசனின் குரல் மாதிரி இருந்தது. மேட்டில் கார் முன்போல இழுத்தது. இழுத்தது புதுக் கட்டலிசாட்டர், கத்தியது சைலன்சர். இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். தனியே காருக்குள் இருந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த பூசைக்குப் போனபோது அதே சித்தப்பா மகன் ஓடிவந்தான். "பாத்தியளோ அண்ணி, சைலன்சர் செய்யிற வேலையை!"

"சைலன்சர் ஒரு வேலையும் செய்யேல்லையடா. கட்டலிசாட்டர்தான். அதுவும் புதுசு, நீ சொன்ன மாதிரிக் குடைஞ்சதில்லை."

"அப்ப என்னத்துக்கு உதைப் பூட்டினியள்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

பொம்பிளை ஒருத்தி தனக்குப் பிடித்ததால் ஒன்றைச் செய்தாள் என்பது அவனுடைய கணக்கில் இல்லாத விஷயம்.

ஏன் பிடித்தது என்று விளங்க வேண்டுமென்றால், நாங்கள் அந்த ஊரில் எப்படி வாழ்ந்தோம் என்று தெரிய வேண்டும். சத்தம் போடாமல் வாழ்ந்தோம். வீட்டுக்குள் கம்பளிச் செருப்பு. இரவு பத்து மணிக்குப் பிறகு கழிவறையில் தண்ணீர் அடிக்கமாட்டோம். மீன் பொரித்தால் யன்னலைச் சாத்திவிட்டு நாங்களே இருமுவோம். கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் எங்கள் முறைக்குரிய நாளில் வேறொருவர் துணி தோய்த்துக்கொண்டிருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மேலே வந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு நான் சொன்ன சொற்களில் அதிகமானது "உஷ்" தான். அவர்கள் வளர்ந்து, பிரஜைகளாகி, வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் கதவை அடித்துச் சாத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷம்.

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் இருவரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். இங்கே குடியுரிமைக்கு முதலில் ஊர் சம்மதிக்கவேண்டும். ஊர்க் குழு எங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. ஏரிகளின் பெயர் சொன்னேன், மலைகளின் பெயர் சொன்னேன். கடைசியில் இல்லையென்றார்கள். என்ன காரணம் தெரியுமா? ஊரோடு ஒட்டவில்லையாம். ஊரில் எங்களை ஒருவருக்கும் தெரியாதாம்.

நாங்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகளாக இருந்ததில், இருக்கிறோமா இல்லையா என்பதே ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. அன்று நான் அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். இந்த நாட்டில் வருடத்தில் பலமுறை வாக்களிப்பு நடக்கும். வாக்குச்சீட்டுக் கவர்கள் எல்லாருடைய தபால்பெட்டியிலும் தடிப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பெட்டியில் பீட்சா விளம்பரம். எனக்கு அந்தக் கவர் வேண்டும். வேறு எந்தப் பவிசுக்கும் நான் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது இரண்டாம் முறை விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் இந்தச் சைலன்சர் வந்து சேர்ந்தது.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ்காரர். அவர் படியில் என் கணவரை மறித்து, உங்கள் மனைவியின் காரைப்பற்றி கட்டட நிர்வாகத்துக்கு அறிவிக்கப்போகிறேன் என்றிருக்கிறார். அதே வாரம் அந்தச் சித்தப்பா மகனைப் பொலிஸ் தெருவில் மறித்து, குடைந்த கட்டலிசாட்டரைக் கண்டுபிடித்துக் காரைக் கட்டி இழுத்துப் போய்விட்டது. வயதுக்கு வந்த பிள்ளை ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் பட்டுவேட்டியோடு போய்க்கொண்டிருந்தவன் மிச்சத் தூரத்தை நடந்தானாம். சிரிப்பை அடக்க எனக்கு வழி தெரியவில்லை. கணவருக்கோ நடுக்கம்.

"இஞ்சரும், உதைக் கழட்டும். நாளைக்கே கழட்டும்."

"அவன் களவாய்ப் பூட்டினவன். என்ரை சட்டப்படி பூட்டினது."

"சட்டம் ஆர் கேட்டது? அயல் சனத்தையும் விசாரிப்பாங்களாம். அந்த மனிசன் ஒரு சொல்லுச் சொன்னால் எங்கடை அலுவல் முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள் பொறும். பாஸ்போட் வந்தாப்பிறகு ரயில் எஞ்சினையே பூட்டும், நான் கேக்கமாட்டன்."

"வந்தாப்பிறகு எண்டால், இப்ப நான் ஆர்?"

"உமக்கு எடுப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவரும் பாவம். செத்தால் இந்த மண்ணில் விருந்தாளியாய்ச் சாகக்கூடாது என்பது அவருடைய ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுத்தேன்.

கீழ்வீட்டுக்காரரின் கதவை நானே போய்த் தட்டினேன். வாருங்கள், காரைப் பாருங்கள் என்று கீழே கூட்டிக்கொண்டு போய்ச் சைலன்சரின் அனுமதிப் பத்திரத்தைக் காட்டினேன். விடியற்காலையில் மெதுவாகத்தான் எடுக்கிறேன், நான் விசரி இல்லை என்றேன். ஞாயிறில் சத்தம் போடக்கூடாது என்பது இங்கே விதி என்றார் அவர். ஞாயிறில் நான் பூசைக்குப் போகிறேன், உங்கள் தேவாலய மணி என்னுடைய காரைவிடச் சத்தம் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு ஜெர்மன் இவ்வளவு வருமா?"

"கேட்டிருந்தால் எப்பவோ தெரிந்திருக்கும்."

அன்று அரைமணி நேரம் சண்டை பிடித்தோம். அதற்கு முன் நாங்கள் வணக்கம் தவிர வேறொரு வார்த்தை பேசியதில்லை. அவர் நிர்வாகத்துக்கு அறிவித்தாரோ இல்லையோ தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு படியில் கண்டால் நின்று குறை சொல்லத் தொடங்கினார். நானும் நின்று திருப்பிக் கொடுத்தேன். பால்கடைக்காரி, அந்தச் சத்தக்காரி நீங்கள்தானா என்று கேட்டாள். பெற்றோல் நிலையத்தில் தீயணைப்புப் படைப் பொடியன் ஒருவன் குனிந்து சைலன்சரைப் பார்த்து விசாரித்தான். ஊர் என் காரைக் கண்டுவிட்டது.

விசாரணை நாள் வந்தது. ஊர்மண்டபத்தில் ஒரு மேசை. குழுத் தலைவர் ஒரு விவசாயி. ஏரி, மலை, மருத்துவக் காப்புறுதி எல்லாம் கேட்டு முடிந்தது. ஓரத்தில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா பேனையை வைத்தார்.

"உங்கள் காரைப்பற்றி. நல்லெண்ணத்தின் அடையாளமாக, நாங்கள் முடிவெடுக்கும் முன் அந்தச் சைலன்சரை மாற்றிவிடச் சம்மதிப்பீர்களா?"

மேசைக்குக் கீழே கணவர் என் காலை மிதித்தார். நல்ல அழுத்தமாக மிதித்தார்.

"மாட்டேன்" என்றேன்.

இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு சொன்னேன். "இது சட்டப்படி பூட்டியது. இங்கே பிறந்த ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? அப்படிப்பட்ட சைலன்சர் கூடாது என்றால் சட்டத்தை மாற்றுங்கள், அன்றைக்கே கழற்றுகிறேன். அந்த வாக்கெடுப்பில் நானும் வாக்குப் போட வேண்டும். அதற்காகத்தான் இங்கே வந்து இருக்கிறேன்."

தலைவர் தாடையைத் தடவினார். "உண்மையாகச் சொல்லுங்கள், அதைப் போட்டபின் கார் நன்றாக ஓடுகிறதா?"

"இல்லை. நன்றாக ஓடுவது புதுக் கட்டலிசாட்டரால். சைலன்சரால் ஒரு பிரயோசனமும் இல்லை."

"பிறகு ஏன்?"

"எனக்குப் பிடித்திருக்கிறது."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைவழியில் கணவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இவருடைய ஆசையில் மண் அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

திரும்பக் கூப்பிட்டார்கள். பெரும்பான்மையினர் சம்மதித்திருக்கிறார்கள், எல்லாரும் அல்ல என்று தலைவர் சொன்னார். பிறகு எழுந்து வந்து கை கொடுத்தார். கண்ணாடி போட்ட அம்மாவும் கை கொடுத்தார், சிரிக்கவில்லை.

காரில் ஏறிய பிறகுதான் கணவர் வாய் திறந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது, ஆனாலும் விடவில்லை.

"பாத்தீரோ? எல்லாரும் ஓமெண்டு சொல்லேல்லை. நீர் கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், எல்லாரும் ஓமெண்டிருப்பாங்கள்."

"போனமுறை வாயைப் பொத்திக்கொண்டுதானே இருந்தனாங்கள்" என்றேன். "அப்ப எல்லாரும் சேர்ந்துதான் இல்லையெண்டவங்கள்."

அவர் சீற் பெல்ற்றை இழுத்துப் பூட்டினார். நான் சாவியைத் திருப்பினேன்.