ஒரு ஜாடி சிறுநீர்

சிறுநீரைப் பற்றியெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா? எழுதத்தான் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொண்டே படியுங்கள்!

போன மாதம் என் மனைவி தெரேஸுக்குக் கை இழுத்துக்கொண்டது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமாகத் தீராத வயிற்றுப்போக்கு. அதோடு இதுவும். விரல்கள் குவிந்து கட்டையாக விறைத்துவிடும். அவளே நினைத்தாலும் பிரிக்க முடியாது. ஒருநாள் அப்படி இழுத்தபோது மடியில் குழந்தை... நான் பாய்ந்து பிடித்தேன்.

"இனிமே கொழந்தைய எங்கிட்ட குடுக்காதீங்க. கீழ போட்டுடுவேன்" என்றாள். அன்றிலிருந்து படுத்தபடியேதான் பால் கொடுத்தாள். தூக்கவே இல்லை.

டாக்டர் நம்மூர்க்காரர், பிரான்சில் படித்தவர். "மக்னீசியம் கொறைவோன்னு சந்தேகம்" என்றார். அது என்ன? கல்யாணத்தில் போட்டோ பிடிப்பவர் பளிச்சென்று கொளுத்துகிறாரே, அந்த உலோகம். பேதி உப்பிலும் அதுதானாம். நம் உடம்புக்குள்ளும் இருக்கிறதாம்!

பரிசோதனைக்குச் சிறுநீர் வேண்டும். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு அல்ல.

"காலைல மொதல்ல போறத கொட்டிடுங்க. அப்புறம் மறுநாள் காலைல மொதல்ல போறது வரைக்கும், ஒரு சொட்டு விடாம இதுல சேருங்க" என்று, ஒயின் வந்த பெரிய கண்ணாடி ஜாடியைச் சுத்தம் செய்து கொடுத்தார்.

சேர்த்தோம். பாதி ஜாடிகூட வரவில்லை. அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அடுத்த வீட்டுக் கிண்ணத்தையே வெறுமனே திருப்பித் தராத வீடு எங்கள் வீடு. பெரிய மனிதர் கொடுத்த ஜாடியைக் குறையாகவா திருப்புவது? கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன்!

ஆள் தள்ளும் புஷ் வண்டியில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். "சரக்கு பிரான்சுலேர்ந்தா மிசே?" என்றார் வண்டிக்காரர். எங்கள் ஊரில் 'ஐயா' என்பதற்கு பிரெஞ்சு 'மிசே'தான். நான் துண்டை எடுத்து ஜாடியை மூடினேன்.

மூன்றாம் நாள் போனால், டாக்டர் முகம் சரியில்லை.

"மக்னீசியம் ஏராளமா இருக்கு. அப்ப இது வேற வியாதி. மூளைல ஏதாச்சும்..."

டாக்டர் காகிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"பேதி உப்பு கீது குடுத்தீங்களா?"

"இல்லீங்க. ஆனா... ஜாடி கொறையா இருந்துச்சின்னு கொஞ்சம் கெணத்துத் தண்ணி..."

"வீடு எங்க?"

"குருசுக்குப்பம் பக்கம், கடலோரம். கொஞ்சம் உப்புக் கெணறு."

திட்டுவார் என்று பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கடல் தண்ணில மக்னீசியம் கொட்டிக் கெடக்கு மிசே! உங்க சம்சாரத்த விட்டுட்டு வங்காள விரிகுடாவ பரிசோதன பண்ணியிருக்கேன்!"

மறுபடி சேர்த்தோம். இந்த முறை நான் ஜாடிப் பக்கமே போகவில்லை.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் தெரேஸுடையது, மற்றதில் — ஒப்பிட்டுப் பார்க்க — டாக்டருடையதேதான்! இரண்டிலும் ஒரு மஞ்சள் சாயத்தையும் காரத்தையும் விட்டார். மக்னீசியம் இருந்தால் சிவக்குமாம். அவருடையது, மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதுபோல் குப்பென்று சிவந்தது. தெரேஸுடையது மஞ்சளாகவே நின்றது.

"ஒடம்புல கொறைஞ்சா கிட்னி வெளிய விடாது மிசே. இருக்கறத இழுத்துப் பிடிச்சி வெச்சிக்கும்" என்றார்.

யார் சொல்லிக் கொடுத்தது அதற்கு? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்க முடியவில்லையே என்று அவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள். அவள் உடம்போ, அவளுக்கே தெரியாமல், இம்மி இம்மியாக எதையும் விடாமல் பற்றிக்கொண்டு போராடியிருக்கிறது! எதற்கெடுத்தாலும் உடம்பைக் குறை சொல்கிறோமே, அது நமக்காக என்ன பாடுபடுகிறது என்று என்றைக்காவது நினைத்திருக்கிறோமா? கோயிலில் நிற்பதுபோல் அந்தக் குழாயின் முன்னால் நின்றேன்.

பிறகு ஊசி. அதே பேதி உப்புச் சரக்குதான், ஊசிக்கென்று சுத்தம் செய்தது. வயிறும் மெல்ல அடங்கியது.

நேற்றுக் காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து, குழந்தையை வெடுக்கென்று வாங்கின.

"நவுருங்க. புள்ளையப் பிடிக்கிற லட்சணமா இது?"

பெண்டாட்டியிடம் திட்டு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவன் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!