நான் பாஸ் செய்த நர்ஸ் பரீட்சை

போன மாதம் நான் நர்ஸ் பரீட்சையில் பாஸ் செய்தேன்.

சிரிக்க வேண்டாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இந்தப் பத்தியை எழுதி முடிக்கவே எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் பாஸ். சந்தேகம் வருகிறதா? எனக்கும் வந்தது.

என் மருமகள் கவிதா நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தர ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சை தேறினால்தான் விமானம் ஏற முடியும். ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டுவிட்டாள். இன்னொரு தடவையும் போனால், அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள்.

அதனால் எந்நேரமும் போனில் மாதிரித் தேர்வு எழுதுவாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரையில் கலர் காகிதம் பறக்கும். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று மார்க் வரும். முதல் தடவையும் இப்படித்தான் பறந்தது. அப்புறம் ஏன் ஃபெயில்? "பயத்துல மறந்துட்டனுங்க அத்தை" என்றாள்.

எனக்கு அந்தப் போன் மேல்தான் சந்தேகம். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி விற்றுப் பழகியவள் நான். வாங்க வந்தவன் வந்ததும் வராததுமாய் "உங்க காய் மாதிரி எங்கயும் இல்லீங்க" என்றால், முதலில் தராசைத்தான் பார்ப்பேன். ஓயாமல் மெச்சுகிறவனுக்கு நம்மிடம் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது... அது போனாக இருந்தால் என்ன?

ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கேள்வி வந்த கையோடு தட்டினாள்.

"ஏம்மா, படிக்கறதுக்குள்ள தட்டிப்புட்ட?"

"பழகிருச்சுங்க அத்தை. பார்த்தாலே இதான்னு தெரிஞ்சுருது."

பார்த்தாலேயா?

"இங்க குடு. நானும் ஒருக்கா எழுதறேன்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதேங்க."

"அது அந்தப் போனுக்குத் தெரியுமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு வரி. அவள் விரல் பெரும்பாலும் நீளமான வரிக்கே போனதைப் பார்த்திருந்தேன். நானும் எது நீளமோ அதையே தொட்டேன். அவசரமே இல்லை. நடுவில் ஒரு டம்ளர் காபியும் குடித்தேன்.

கலர் காகிதம் பறந்தது.

மண்டியிலிருந்து வந்த என் மகன் எட்டிப் பார்த்தான். "எழுபது மார்க்கும்மா. பாஸு. என்னிக்கு டூட்டியில சேர்ற?"

கவிதா சிரிக்கவில்லை. "எப்படிங்க அத்தை?"

"நீளமா இருந்ததைத் தொட்டேன். நீ வேற என்ன பண்ணின?"

போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளாகவே ஒன்று செய்தாள். பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து, திரையின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டாள். கேள்வியை மட்டும் படிப்பது... பதிலை வாய்விட்டுச் சொல்வது... அப்புறம்தான் அட்டையை எடுப்பது. மார்க் பாதிக்கும் கீழே விழுந்தது. காகிதம் பறக்கவில்லை.

"எல்லாம் போச்சுங்க அத்தை" என்று கண்ணைத் துடைத்தாள்.

எனக்கோ அன்றுதான் அந்தப் போன் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வீட்டில் எழுதிப் பார்ப்பது எதற்கு? நம்மைக் குஷிப்படுத்தவா, எங்கே ஓட்டை என்று காட்டவா?

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அட்டையும் கையுமாகவே இருந்தாள். போன வாரம் பெங்களூர் போய் எழுதினாள். முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பாஸ். மகன் மைசூர்பாகு வாங்கி வந்து நீட்டினான். கையில் வாங்கினேன், வாயில் போடவில்லை.

"ஏம்மா, அங்கயும் நீளமான வரி இருந்துச்சா?"

"எல்லாம் ஒரே நீளங்க அத்தை. உங்களைத்தான் நினைச்சுக்கிட்டேன்."

அப்படியென்றால் நான் எழுதியிருந்தால் ஃபெயில். நல்ல பரீட்சைதான் — மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டேன்.