இரண்டு குழாய்க் கணக்கு

கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்குள் துடைப்பத்தோடு நுழையும்போதெல்லாம் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தாள். ஒரு மாலை கொஞ்சம் முன்னதாகப் போனபோது, கணக்கு டீச்சர் தனியாளாக ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் அக்கா வெளியே வந்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போனாள்.

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. சரியான விடையைச் சொன்னாலும் விடமாட்டார். "சரி, மத்த மூணும் ஏன் தப்பு?" என்பார். பக்கத்துப் பிரிவு சார் அப்படியில்லை. மாதிரி வினாத்தாளும் விடையுமாக வருடம் முழுக்க ஒப்பிக்க விடுவார். அங்கே ஒரே இரைச்சல். இங்கே பாதி நேரம் பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருக்கும். "கணக்கு வகுப்பா, துக்க வீடா டீச்சர்?" என்று தலைமையாசிரியர் கேலி செய்வார். டீச்சர் சிரித்துக்கொள்வார்.

அக்காவின் ஒரே மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள். வெளியூரில் தங்கிப் படிக்கும் பள்ளியில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் பெண்ணின் படிப்புக்குக் கவலையில்லை. அதற்கு ஒரு தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்படிக்க வேண்டும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன அக்கா, அந்த ஓர் இடத்துக்காக வருடம் முழுக்க ஆண்டவனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தாள்.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் இடம் போயிற்று.

"எந்தக் கேள்வியிலடி கோட்டை விட்டே?"

"குழாய்க் கணக்கும்மா. வேணும்னுதான் விட்டேன்."

"வேணும்னா? கண்ண மூடிக்கிட்டு எதையாவது கருப்படிச்சிருக்கலாமேடி!"

"நாலுமே தப்பும்மா. தொட்டிய ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல ரொப்புமாம், இன்னொண்ணு மூணு மணி நேரத்துல ரொப்புமாம். ரெண்டையும் திறந்தா எவ்வளவு நேரம்னு கேள்வி. மூணு, நாலு, நாலரை, ஒம்போதுன்னு போட்டிருந்தான். தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக் கருப்படிக்க?"

பக்கத்துப் பிரிவில் எல்லோரும் நாலரையைக் கருப்படித்திருந்தார்கள். மாதிரி வினாத்தாளில் அப்படித்தான் இருந்ததாம். தேர்வுக்காரர்களின் விடையும் அதுவே.

அக்கா நேரே டீச்சரிடம் போனாள். "உங்க 'ஏன்' உங்களோட இருக்கக் கூடாதா டீச்சர்? எம் பொண்ணு தலையிலயா ஏத்தணும்?"

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "விடை தப்புன்னு மனு எழுதி வெச்சிருக்கேன்க்கா. பெத்தவங்க கையெழுத்து வேணும். யோசிச்சுப் போடுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தக் கதி!" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள். அன்று அவளால் சாமி கும்பிடக்கூட முடியவில்லை. யாரைக் குறை சொல்லி வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலத் தண்ணீர் டிரம்மை நிரப்பப் போனாள். அதன்மேல் இரண்டு குழாய்கள். பெரியதைத் திறந்துவிட்டு வராந்தாவைப் பெருக்கி முடித்தால் டிரம் நிரம்பியிருக்கும்; பன்னிரண்டு வருடப் பழக்கம். அன்று என்ன நினைத்தாளோ, சிறியதையும் திறந்துவிட்டாள். வராந்தா முக்கால்வாசிகூட முடியவில்லை, தண்ணீர் வழிந்து காலை நனைத்தது. துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மகள் சொன்ன கணக்கிலும் பெரிய குழாய் ஒன்றே மூன்று மணி நேரத்தில் முடிக்கிற வேலை, கூட ஒன்று சேர்ந்தால் எப்படி நாலரை மணி நேரம் ஆகும்?

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாள்.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "ஏம்மா, இங்கயே வேலை பாத்துக்கிட்டு இங்க படிச்ச பிள்ளைங்க மார்க்குக்கே வேட்டு வைக்கறியே? நீ என்ன கணக்குல புலியா?"

"இல்ல சார். பன்னெண்டு வருசமா டிரம் ரொப்பறேன்."

அவர், "போ, போய் வேலையப் பாரு" என்றார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரியில். வெளியிட்ட விடையே முடிவானது என்று எழுதியிருந்தது. அதற்குள் அந்தப் பள்ளியில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. தேர்ச்சி குறைவு என்று காரணம் காட்டி டீச்சருக்கு மாற்றல் உத்தரவும் அந்த வாரமே வந்தது.

புறப்படும் நாளில் நோட்டுப் புத்தகப் பையை அக்காதான் வாசல்வரை தூக்கி வந்தாள். "அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர்."

டீச்சர் பையை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க கேட்டது நியாயம்க்கா. உங்க பொண்ணுக்கு அந்த இடம் போனதுக்கு நான்தான் காரணம், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கே அவ திரும்ப என் வகுப்புல வந்து உக்காந்தாலும், நாலரைன்னு கருப்படின்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா."