நிறுக்காத ஐலரான்

கிளைடர் கொட்டகையில் அவருக்குத் தராசு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். இன்ஜின் இல்லாத அந்த விமானங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். டீயில் போடும் சர்க்கரையைக்கூட நிறுத்துத்தான் போடுவார் என்று கிண்டல் செய்வார்கள். மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இறக்கையின் பின்னோரத்தில், கீலில் மேலும் கீழும் அசையும் பலகைக்கு ஐலரான் என்று பெயர். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் கழற்றி நிறுத்தே ஆக வேண்டும். கீலுக்குப் பின்னால் கனம் ஏறிவிட்டால், வேகமெடுக்கும்போது அது தானாகப் படபடக்கத் தொடங்கிவிடும். விட்டால் இறக்கையையே பிய்த்துவிடும். கொட்டகையில் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லிக் காதைப் புளிக்க வைத்தவரே அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர், போட்டிக்கு முதல்நாள் ஐலரானில் இருந்த கீறல்களுக்குப் பெயிண்ட் அடித்தார். பளபளப்பு போதவில்லை என்று இன்னொரு கோட்டும் அடித்தார். கழற்றி நிறுக்க அரைநாள் போய்விடும். ரெண்டு கோட்டு பெயிண்ட் என்ன பெரிய கனம் என்று பழைய எடையையே எடை அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதை ஓட்டப்போகிறவள் அவருடைய சொந்த மருமகள்.

மறுநாள் பறந்துவிட்டு இறங்கியதும் அவள் நேராகப் பயிற்சியாளரிடம் போனாள்.

"கைப்பிடி தடதடன்னு ஆடிருச்சு. வேகத்தக் குறைச்ச பிறகுதான் நின்னுச்சு," என்றாள்.

பயிற்சியாளர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "வேக வரம்பத் தாண்டியிருப்ப, வேறென்ன? ஒரு மாசத்துக்கு விமானத்துப் பக்கமே வராத."

"தாண்டல சார்..." என்று இழுத்தவள், மாமனாரைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். "தாண்டியிருப்பேன் போல. மாமா நிறுத்தது தப்பாகாது."

மாமா வாயைத் திறக்கவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க மாமா," என்று அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதையும் வாங்கிக் குடித்தார். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசும்.

மாலையில்தான் ஐலரானைக் கழற்றித் தராசில் வைத்தார். கீலுக்குப் பின்னால் வரம்பைவிட எண்பது கிராம் கூடுதல். இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் நிறுக்கல. பழைய எடைய எழுதிட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அவளத் திட்டுனப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் பயிற்சியாளர்.

"வெக்கமா இருந்துச்சு."

மருமகள் தராசை ஒருமுறை பார்த்துவிட்டு, ஐலரானை இறக்கி வைக்க அவருக்குக் கை கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தடை நீங்கியது. பின்பக்கக் கனத்துக்கு ஈடாகக் கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமன்செய்து, மறுபடி நிறுத்து, அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. நானும் ஒரு தடவ நிறுத்துப் பாத்துக்கட்டுமா?"

"பாரும்மா," என்று தராசை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.