பன்றித்தலையனுக்கு வாசலில் ஒரு வார்த்தை

நேற்று மாலை மகளின் அறையில் பகடை உருளும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. பிள்ளை இருக்கும் அறையில் சத்தம் நின்றால் கதவில் காதை வைக்கிற ஆள் நான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி அதை நகர்த்தும் விளையாட்டு அது. சேர்ந்து ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், கம்ப்யூட்டரில்தான் பேச்சு. இவள் கல்லுடம்புப் பூதமாக வருவேன் என்றிருக்கிறாள். பூதத்தை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குள் போவது என்று குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். சுவரைப் பார்த்தபடி இதைச் சொன்னாள். சாப்பிடவில்லை.

விளையாட்டுத்தானே என்றாள் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூடிவைத்த தட்டிலிருந்து ரச வாசனை வந்தது. ரசம் என்றால் எனக்குச் சிதம்பரத்து ஹாஸ்டல் மெஸ்தான். டம்ளரின் அடி தெளிவாகத் தெரியும் ரசம். அதைக் குடித்துவிட்டு வந்துதான் இதே விளையாட்டை ஆடுவோம். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் எங்களிடம் இருந்தது. அதன் படங்களில் அரக்கர்கள் எல்லோரும் ஒரே மைக்கறையாகத் தெரிவார்கள். ஆட்டத்துக்கு வேண்டிய இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? பல்பொடி டப்பாவில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவோம். என் இங்கிலீஷ் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தேவலை என்பதால் கதை சொல்லும் வேலை எனக்கு.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் வரதன் பன்றித்தலை மனிதனாக வருவேன் என்றான். புத்தகத்தில் அது எதிரி.

“டேய், அது நாம வெட்ட வேண்டிய ஆளு. நீயே அதுவா வந்தா யார வெட்றது?” என்றான் ரவி.

“எங்க ஊர்ல வந்து அதச் சொல்லு மச்சான். எங்க பெருமாளே வராகந்தான். பூமியத் தூக்குனவரு உங்க மூட்டையத் தூக்க மாட்டாரா?”

எல்லோரும் சிரித்தோம். வரதன் சிரிக்கவில்லை, பாயைச் சுருட்ட ஆரம்பித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அப்போது, அதிகம் பேசாத மஞ்சக்குப்பம் ஜெயராஜ் சொன்னான்.

“இருக்கட்டும்டா. அவன் என் கெஸ்ட்டு.”

அது மெஸ் வாசலில் நிற்கும் ஆளிடம் சொல்லும் வார்த்தை. வெளியாள் யார் வந்தாலும், உள்ளே இருக்கிற ஒருவன் அதைச் சொன்னால் இலை விழும். வந்தவன் வம்பு செய்தால் சொன்னவன்தான் பொறுப்பு. அன்றிலிருந்து எங்கள் கதையிலும் அதுவே சட்டம். பன்றித்தலையனைக் கண்டு கோட்டைக் கதவை மூடுவார்கள். ஜெயராஜின் வீரன் முன்னால் போய்ப் பேசுவான். சீட்டு காலை வாரினால் இரண்டு பேரும் மதிலுக்கு வெளியே படுக்க வேண்டும். கொஞ்ச நாளில் ரவியின் மந்திரவாதியும் வெளியே வந்து படுத்தான். ஊருக்குள் நடந்த கதையைவிட மதிலோரத்துக் கதை நீண்டுபோனது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

“எங்க குரூப்ல ஒருத்தர்கூட வாயத் தொறக்கலப்பா.”

தட்டைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

போன வருடம் ஒரு வேலையாகச் சிதம்பரம் போனபோது அந்த மெஸ்ஸை எட்டிப் பார்த்தேன். வாசலில் ஆள் இல்லை. விரல் வைக்க ஒரு மெஷின் இருக்கிறது. அதனிடம் இன்னொருவனுக்காக எதையும் சொல்ல முடியாது.