மலைமேல் ஓர் எதிர்க்கட்சி

கடந்த தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வத்தல்மலையிலிருந்து கீழே இறங்கும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் நடந்தது இது. ஆனால் சண்டை அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே என் கைபேசிக்குள் தொடங்கிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் இண்டூர். தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே காலையிலிருந்து இரவு வரை நிற்பதுதான். கடைக்குள் கைபேசியைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், தூக்கம். ஞாயிறு கடைக்கு விடுமுறை. மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, கால்களை நீட்டி உட்காரும் அந்த நேரம் மட்டும்தான் வாரத்தில் என்னுடையது.

பல வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஓடி முடிந்த ஒரு தொடர் எனக்கு உயிர். அரிசி ஆலைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போன ஒருத்தியின் கதை. கடைசி நாளில் அவள் கணவன் ஏறிய பேருந்து ஆற்றில் விழுந்தது. அவன் பிழைத்தானா, இல்லையா என்று சொல்லாமலேயே வணக்கம் போட்டு முடித்துவிட்டார்கள். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தத் தொடரைத்தான் இப்போது விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எடுத்து, டி.வி.யில் போடாமல், ஒரு ஆப்பில் மட்டும் விட ஆரம்பித்தார்கள். திங்கள் முதல் சனி வரை தினமும் மதியம் ஒரு எபிசோட்.

ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. என் கணவர் அதற்கு வைத்த பெயர் 'சீரியல் சட்டசபை'. அவர் கிண்டலிலும் நியாயம் உண்டு. அங்கே நடக்காத விவாதம் கிடையாது. ப்ரோமோவில் கதாநாயகி மாமியாரைப் பளாரென்று அறைந்தாள். வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தால் அது கனவு. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். நாங்கள் பதறிப்போய்ப் பார்த்தால் அது மாமனாருடைய அப்பாவின் படம். இப்படி ஏமாற்றி விளம்பரம் செய்யலாமா என்று ஒரு கூட்டம் கொதிக்கும். ஏமாற்றுவதால்தானே நாம் பார்க்கிறோம் என்று இன்னொரு கூட்டம் சிரிக்கும்.

பெரிய சண்டை நேரத்தைப் பற்றி. ஆறு எபிசோடையும் சேர்த்து சனிக்கிழமை ஒரே தடவையாக விட வேண்டும் என்பது என் கட்சி. 'இண்டூர்' என்ற பெயரில், ஞாயிறுதான் பார்க்க முடிகிறது என்று அங்கே ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தேன். திங்கள் மதியம் நடந்ததைத் திங்கள் இரவுக்குள் குழுவில் அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். நான் ஞாயிறு உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் தெரிந்த கதையாகிவிடும். வாரம் முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தானா என்று அழுகையே வரும்.

எதிர்க்கட்சியின் தலைவி 'மிளகுக்கொடி' என்ற பெயரில் இருந்த ஒருவர். அவர் எழுத மாட்டார், எப்போதும் குரல் பதிவுதான். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். டி.வி.யை ஓடவிட்டுக்கொண்டு பேசுகிறார் போல என்று நினைத்துக்கொள்வேன். "தெனம் ஒண்ணு வந்தாத்தாங்க அது சீரியலு. மொத்தமா வேணும்னா சினிமாவுக்குப் போங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். "தினம் ஒண்ணு பாக்குறதுக்கு நாங்க என்ன வேலைவெட்டி இல்லாதவங்களா?" என்று ஒருநாள் நானும் போட்டேன்.

அந்தச் சமயத்தில் ஆப் நடத்துகிறவர்களே கேட்டார்கள்: தினம் ஒன்றா, சனிக்கிழமை மொத்தமாகவா, ரசிகர்களே ஓட்டுப் போடுங்கள் என்று. ஒரு போனுக்கு ஒரு ஓட்டு, சனிக்கிழமையோடு முடியும், அதுவரை மாற்றிக்கொள்ளலாம். நான் என் போனில் போட்டேன். கணவரின் போனைப் பிடுங்கி அதிலும் போட்டேன். கல்லூரிக்குப் போகும் மகளின் போனிலும் போட்டேன்.

முடிவதற்கு முந்தைய நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் மாதா கோயில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியம் ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரு வேன் பிடித்து வத்தல்மலைக்குப் போனோம். நானும் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். புளிசாதம் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, சந்தோஷமாகத் திரும்பும்போது வேனுக்குள் கருகல் வாடை அடித்தது. டிரைவர் தம்பி ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்தினார். "பிரேக் சூடாயிருச்சுங்க. ஆறட்டும், அப்புறம் எறங்கலாம்" என்றார். கீழே பள்ளத்தைப் பார்த்ததும் எங்கள் பாட்டெல்லாம் நின்றுபோனது.

மற்றவர்கள் செபமாலையை எடுத்தார்கள். நான் வளைவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தேன். அப்போதுதான் கேட்டது, என் தொடரின் தலைப்புப் பாட்டு. ஒரு பாறைமேல் ஏழெட்டுப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் காபிப்பழம் பறித்த கோணிப்பைகள். அந்த வாரக் கதை எதையும் நான் பார்த்திருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றேன்.

ஒருத்தர் எழுந்து வந்து ஏதோ கேட்டார். விரலை எடுத்தேன்.

"ஏங்க, காதுல பூச்சி கீச்சி பூந்துருச்சா?"

"இல்லீங்க. நான் இன்னும் பாக்கல. ஞாயித்துக்கெழமதான் பாப்பேன். கதை காதுல வுழுந்துடக் கூடாதுன்னுதான்."

அவர் சட்டென்று திரும்பி, "அடியே, நிறுத்துங்கடி அத" என்றார். போன் நின்றது. அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரக்கணக்காக நான் மல்லுக்கு நின்ற குரல். அவரும் என்னை உற்றுப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமதான் பாப்பீங்களா? நீங்க இண்டூருங்களா?" என்றார்.

நான் தலையாட்டினேன். பாறையிலிருந்து ஒரு பெண், "நம்மள வேலைவெட்டி இல்லாதவங்கன்னு சொன்ன அக்காவா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குரல் பதிவுகளின் பின்னால் நான் கேட்ட அதே சிரிப்பு. காபிச்செடியில் கீறிச் சிவந்திருந்த அவர்கள் கைகளைப் பார்த்தேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிளகுக்கொடி கோபப்படவில்லை. நகர்ந்து இடம் விட்டார். அந்த வளைவில்தான் அவர்களுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே கூடி அன்றைய எபிசோடைப் பார்ப்பார்கள். "மொத்தமா வுட்டா எங்க போன்ல ஒரு நாளைக்கு உள்ள டேட்டா தாங்காதுங்க. அது கெடக்கட்டும். இது இல்லைன்னா வேலை முடிஞ்சு நேரா வூட்டுக்குத்தான். வூட்டுக்குப் போனா அடுப்பு. இந்த அரை மணி நேரந்தான் நாங்க உக்காந்து சிரிக்கிறது. தெனம் ஒண்ணு வந்தாத்தான் தெனம் உக்கார முடியும்."

எங்க எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான் என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். வீட்டில் நான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்ட ஓட்டுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

என் பக்கத்தையும் சொன்னேன். கடை, நிற்பது, ஞாயிறு மதியம். "நாள் பூரா நின்னுக்கிட்டேவா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் என் கால்களையே பார்த்தார். பிறகு சொன்னார்: "எது ஜெயிச்சாலும் ஜெயிக்கட்டும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரைக்கும் அந்தக் குழுவுல ஒருத்தரையும் கதையப் பேச வுடமாட்டேன். அது எம்பொறுப்புங்க."

அவர் என்னிடம் ஓட்டுக் கேட்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக எல்லா ஓட்டையும் மாற்றிப் போட்டேன். "என்ன, கட்சி தாவிட்டியா?" என்று கணவர் சிரித்தார். கடைசியில் தினம் ஒன்று என்றே தொடர்ந்தது. எங்கள் ஓட்டால்தான் என்று பெருமையடிக்க ஆசைதான், ஆனால் ஆப்காரர்கள் ஓட்டுக் கணக்கையே வெளியில் சொல்லவில்லை.

மிளகுக்கொடி சொன்னபடி செய்தார். திங்கட்கிழமையே யாராவது கதையை அவிழ்த்தால் போதும், மலையிலிருந்து ஒரு அதட்டல் வரும். "ஞாயித்துக்கெழம பேசலாங்க. நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்க இருக்காங்க." சண்டை நிற்கவில்லை, ப்ரோமோவைப் பற்றி இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, கதாநாயகியின் கணவன் உயிரோடு இருக்கிறானா என்ற ரகசியம் உடைந்த எபிசோட் வந்தது. குழுவே மௌனமாக இருந்ததை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தாங்க முடியாமல் இரவு மிளகுக்கொடியிடம் தனியாகக் கேட்டேன், ஒரே வார்த்தை சொல்லுங்க, இருக்கானா இல்லையா என்று. மறுநாள் பதில் வந்தது. "பொறுங்கக்கா. சொல்லிட்டன்னா இவளுங்க என்னையப் பாறைய வுட்டே தள்ளிடுவாளுங்க." பின்னால் அதே சிரிப்பு.

ஞாயிறு மதியம் கால்களை நீட்டிப் பார்த்தேன். அவன் உயிரோடு இருந்தான். நான் அழுத அழுகையைப் பார்த்து என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கதைக்காக மட்டும் அழவில்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை மட்டுமே நேரில் சந்தித்த எனக்காக, எனக்கு முன்னால் அத்தனையும் தெரிந்துகொண்டு, மலைமேல் ஒரு பாறை நிறையப் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்களே, அந்தச் சந்தோஷம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மறுபடியும் வருகிறது.